'மெல்ல மாறும்' என்றவர்கள்: அமெரிக்கப் பழமைவாதச் சிந்தனையாளர்களும் கறுப்பின மக்களின் உரிமையும்

கூட்டுக் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இளைய மருமகளுக்குத் தினமும் அடி. பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரர், போலீசுக்குப் போவோம் என்கிறார். அந்த வீட்டுப் பெரியவர் குறுக்கே வருகிறார். "இது வீட்டு விவகாரம். உள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம். போலீஸ் வந்தா குடும்பமே உடைஞ்சு போயிடும். கொஞ்சம் பொறுங்க, பையன் தானா திருந்திடுவான்." பெரியவர் யாரையும் அடித்ததில்லை. அடிப்பது சரி என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆனாலும் அந்தப் 'பொறுங்க' யார் முதுகில் விழுகிறது என்று நமக்குத் தெரியும்.

1950களிலும் 60களிலும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடியபோது, அந்நாட்டுப் பழமைவாத அறிவாளிகள் பலர் நின்ற இடம் ஏறத்தாழ இந்தப் பெரியவரின் இடம். சிலர் அதைவிட மோசமான இடத்தில் நின்றார்கள். மிகச் சிலர் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்துகொண்டார்கள்.

இதைப் பற்றிய பேச்சு நம்மிடையே இரண்டு விதமாக ஓடுகிறது. "பழமைவாதி என்றாலே இனவெறியன், இதில் பேச என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "சிவில் உரிமைச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்ததே குடியரசுக் கட்சிதானே, பழமைவாதிகள் எப்போதும் சமத்துவத்தின் பக்கம்தான்" என்பது மற்றொன்று. முதலாவது அவசரப் பேச்சு. இரண்டாவது, கட்சியையும் கொள்கையையும் போட்டுக் குழப்பிக்கொண்ட பேச்சு. குழப்பத்திலிருந்தே தொடங்குவோம்.

## கட்சி வேறு, கொள்கை வேறு

பழமைவாதம் என்பது ஒரு மனப்போக்கு. நெடுங்காலமாக நிற்கும் ஏற்பாடுகளை அவசரப்பட்டுக் கலைக்காதே, மாற்றம் வந்தால் மெல்ல வரட்டும், அரசின் கை எல்லா இடத்துக்கும் நீள வேண்டாம் என்பது அதன் சாரம். 18-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கைத் தங்கள் மூதாதையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இன்று அந்த மனப்போக்கின் வீடு குடியரசுக் கட்சி. அன்று அப்படியில்லை. அடிமைமுறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். அந்தக் கோபத்திலேயே தெற்கு மாநில வெள்ளையர் ஒரு நூற்றாண்டுக் காலம் ஜனநாயகக் கட்சியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் 1956-ல் பள்ளிகளில் இனக்கலப்பை எதிர்த்து 101 நாடாளுமன்ற உறுப்பினர்கள் அறிக்கை வெளியிட்டபோது, கிட்டத்தட்ட எல்லாருமே ஜனநாயகக் கட்சியினர். 1964-ல், பொது இடங்களிலும் வேலையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் 73-க்கு 27 என்று நிறைவேறியபோது, எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர், 6 பேர் குடியரசுக் கட்சியினர். குடியரசுக் கட்சியின் 33 செனட்டர்களில் 27 பேர் ஆதரித்தார்கள்.

சரி, அப்படியானால் இரண்டாவது பேச்சுதானே வென்றது? இல்லை. ஆதரித்த 27 பேரில் பலர் மிதவாதிகள். எதிர்த்த ஆறு பேரில் ஒருவர்தான் பழமைவாத அறிவாளிகள் தங்கள் நாயகனாகக் கொண்டாடிய பேரி கோல்டுவாட்டர். அவரிடம் பிறகு வருவோம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கட்சிப் பெயரை வைத்து இந்த வரலாற்றைப் படிக்க முடியாது. யார் என்ன வாதம் வைத்தார் என்று பார்க்க வேண்டும்.

## எதைக் கலைக்காதே என்றார்கள்?

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்க அரசியல் சாசனத்தில் இரண்டு முக்கியமான வரிகள் ஏறின. 14-ஆவது திருத்தம் எல்லாருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்றது. 15-ஆவது திருத்தம், இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. தெற்கு மாநிலங்கள் இரண்டையும் ஏட்டிலேயே நிறுத்திவிட்டன. பள்ளி, ரயில் பெட்டி, உணவகம், குடிநீர்க் குழாய் என எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று சட்டம் போட்டன. இந்த ஏற்பாட்டுக்கு ஜிம் குரோ என்று பெயர். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்த ஒரு கோமாளிப் பாத்திரத்தின் பெயர் அது. 1896-ல் உச்ச நீதிமன்றம், தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் குற்றமில்லை என்று இதற்கு முத்திரை குத்தியது.

டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு குவளையும் ஒரே அளவு, டீயும் ஒரே டீ என்று கடைக்காரர் சொன்னால் நாம் என்ன சொல்வோம்?

அமெரிக்காவில் டீயும் ஒன்றாக இல்லை. வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் என்ற வட்டாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே திரும்பத் திரும்பப் போகப்போகிறோம். அங்கே கறுப்பின மாணவர்களின் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. படித்தவர்கள் 450-க்கும் மேல். இடம் போதாமல், தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். 1951-ல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி தலைமையில் பிள்ளைகள் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். அதிலிருந்து பிறந்த வழக்கு, வேறு நான்கு வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றார்கள். பிரவுன் தீர்ப்பு என்று உலகம் அறிந்தது இதைத்தான்.

## முதல் வாதம்: 'முன்னேறிய இனம்'

தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, 1955 நவம்பரில், வில்லியம் பக்லி 'நேஷனல் ரிவ்யூ' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. வரலாற்றின் குறுக்கே நின்று 'நில்' என்று கத்துவதே எங்கள் வேலை என்று முதல் இதழிலேயே எழுதினார். சிதறிக் கிடந்த பழமைவாதிகள் ஓர் இயக்கமாகத் திரண்டது இந்தப் பத்திரிகையைச் சுற்றித்தான். ஆகவே அது எழுதியதை யாரோ உதிரி ஆளின் உளறல் என்று தள்ள முடியாது.

1957 ஆகஸ்டில் அது வெளியிட்ட ஒரு தலையங்கம், வெள்ளையர் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் தெற்குப் பகுதிகளிலும் ஆதிக்கத்தைத் தக்கவைக்க வேண்டியதைச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டது. உண்டு என்று அதுவே பதிலும் சொன்னது. ஏனென்றால் இப்போதைக்கு வெள்ளையினமே முன்னேறிய இனமாம். பெரும்பான்மை வாக்கைவிட நாகரிகத்தைக் காப்பது முக்கியமாம். கறுப்பரின் பின்தங்கிய நிலையைப் பயன்படுத்தி அவர்களை அடிமை வர்க்கமாகவே வைத்திருக்கக் கூடாது என்றும் அதே தலையங்கத்தில் ஒரு வரி உண்டு. எனக்கு அந்த நல்ல வரிதான் கூடுதலாக உறுத்துகிறது. கைதூக்கிவிட வேண்டியவரும் அதற்கு நாள் குறிப்பவரும் ஒருவரே என்றால், அந்த நாள் எப்போது வரும்?

இதை எதிர்த்து அதே பத்திரிகையிலேயே குரல் எழுந்தது. எழுதியவர் பிரென்ட் போஸெல், பக்லியின் சகோதரியின் கணவர். சட்டத்தை மதி என்று ஊருக்குச் சொல்லும் நாம், 15-ஆவது திருத்தத்தை மீறச் சொல்லலாமா என்பது அவர் கேள்வி. அவரும் சமத்துவவாதி அல்லர். ஆனால் வாதத்தின் ஓட்டை எங்கே என்று சரியாகக் கை வைத்துவிட்டார்.

## இரண்டாவது வாதம்: மாநில உரிமை

இங்கே தமிழ் வாசகர் சற்று உஷாராக இருக்க வேண்டும். மாநில உரிமை, மாநில சுயாட்சி என்றெல்லாம் சொன்னால் நம் காதுக்கு இனிமை. அமெரிக்கக் கறுப்பர் காதில் அதே சொல் வேறு மாதிரி விழும். அடிமைமுறையைக் காக்கவும், பிறகு ஜிம் குரோவைக் காக்கவும் எடுத்த கேடயம் அது.

இந்தக் கேடயத்தைத் தீட்டியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் கில்பாட்ரிக், வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் ஒரு நாளிதழின் ஆசிரியர். மத்திய அரசு தன் வரம்பை மீறினால் மாநிலம் குறுக்கே நின்று தடுக்கலாம் என்ற குறுக்கீட்டுக் கோட்பாட்டை, வர்ஜீனியாவும் கென்டக்கியும் 1798-ல் போட்ட தீர்மானங்களிலிருந்து தூசு தட்டி எடுத்துத் தொடர்ந்து எழுதினார். 1956-ல் வர்ஜீனியா சட்டமன்றம் அதைத் தீர்மானமாகவே போட்டது. கல்வி என்ற சொல்லே சாசனத்தில் இல்லை, ஆகவே பள்ளி மாநிலத்தின் விவகாரம் என்பது வாதம். வீட்டு விவகாரம்.

அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது? 1959-ல், வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைப்பதைவிட மூடிவிடலாம் என்று, பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரம் தன் பொதுப்பள்ளிகள் எல்லாவற்றையும் மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் பள்ளி எழும்பியது. கறுப்புப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போய்ப் படித்தார்கள். சிலருக்குத் தேவாலயங்களில் நடந்த சிறு வகுப்புகள் கிடைத்தன. பலருக்கு எதுவும் இல்லை. 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே பள்ளிகள் திறந்தன. ஐந்து ஆண்டுகள்!

மாநில உரிமை வாதம் எங்கே உடைகிறது என்பதுதான் இந்த முழுக் கதையின் அச்சாணி. மாநிலத்துக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசும் இடம் சட்டமன்றம். சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்ப வாக்கு வேண்டும். வாக்குக்குப் பெயர் பதிய வேண்டும். பதிவு அலுவலரோ அரசியல் சாசனத்தின் ஏதோ ஒரு பிரிவைக் காட்டி விளக்கம் எழுதச் சொல்வார். எழுதியது சரியா தவறா என்று முடிவு செய்வதும் அவரே. 1965-க்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பர்களில் பெயர் பதிந்திருந்தவர்கள் 100-க்கு 7 பேருக்கும் குறைவு. கூட்டத்துக்குள் நுழைய விடாமல் கதவைச் சாத்திவிட்டு, உன் குறையைக் கூட்டத்தில் சொல் என்பது போல.

இந்த வாதத்தை வைத்த எல்லாருக்கும் உள்நோக்கம் இருந்ததா? எல்லாருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கில்பாட்ரிக் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1963-ல் அவர் ஒரு வார இதழுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தார். சாசனம், மாநிலம் என்ற போர்வை எதுவும் இல்லாமல், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்லர் என்று பச்சையாகச் சொன்ன கட்டுரை. அந்தச் செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், கறுப்பரின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். இதழ் அந்தக் கட்டுரையை வெளியிடாமல் நிறுத்திவிட்டது.

சுருக்கமாக: முதல் வாதம் இனத்தைப் பேசியது. இரண்டாவது வாதம் நடைமுறையைப் பேசியது. இரண்டாவதன் அடியில் முதலாவது சில நேரம் இருந்தது, சில நேரம் இல்லை. விளைவு மட்டும் ஒன்றுதான்.

## மூன்றாவது வாதம்: சந்தை பார்த்துக்கொள்ளும்

இந்த வாதக்காரர்கள் வேறு ரகம். தெற்கின் பெருமை பேசாதவர்கள். முக்கியமானவர் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன். அரசே இனம் பிரித்துச் சட்டம் போடுவதை அவர் எதிர்த்தார். அதே காரணத்தால், வேலை தருபவரை இனம் பார்க்காதே என்று அரசு கட்டாயப்படுத்துவதையும் எதிர்த்தார். 1962-ல் அவர் தந்த உதாரணம் அழகானது. ரொட்டி வாங்குபவருக்கு, அந்தக் கோதுமையை விளைவித்தவர் கறுப்பரா வெள்ளையரா, கம்யூனிஸ்டா குடியரசுக் கட்சிக்காரரா என்று தெரியாது. சந்தைக்கு நிறம் தெரியாது. இனம் பார்த்து ஆள் எடுக்கும் முதலாளி நல்ல ஆளை இழப்பார், போட்டியில் தோற்பார் என்பது அவர் கணக்கு.

காகிதத்தில் கணக்கு சரிதான். தெற்கில் உணவகம் நடத்தியவரின் நிலையை யோசியுங்கள். கறுப்பரை உள்ளே விட்டால் அவருக்குக் கிடைக்கப்போவது கூடுதல் வாடிக்கையாளர் மட்டுமல்ல. 1954-லிருந்தே ஊர் ஊராக முளைத்த வெள்ளைக் குடிமக்கள் மன்றங்கள், இனக்கலப்புக்கு ஆதரவாக இருப்பவருக்குக் கடனை நிறுத்தும், வேலையைப் பறிக்கும், கடையைப் புறக்கணிக்கச் சொல்லும். முதலில் கதவைத் திறப்பவர் மாட்டிக்கொள்வார். எல்லாரும் ஒரே நாளில் திறக்க வேண்டும் என்று சட்டம் வந்தால்தான் தனியொருவர் தலை தப்பும். சந்தை என்பது அந்த ஊரின் பயத்துக்குள்ளேதான் இயங்கியது.

யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராபர்ட் போர்க்கும் இதே பக்கம்தான். உன் நடத்தை எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக உன்னைக் கட்டாயப்படுத்தலாம் என்ற கொள்கை மிக அசிங்கமானது என்று 1963-ல் எழுதினார். கடைக்காரரின் சுதந்திரத்தை அவர் பார்த்தார். அந்தக் கடையின் முன் பசியோடு நிற்கும் குடும்பத்தின் சுதந்திரம் அவர் கணக்கில் வரவில்லை. பத்து ஆண்டு கழித்து, அந்தக் கருத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். அது அவரை விடவில்லை. 1987-ல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது எதிர்த்தரப்பு அதையும் எடுத்து வீசியது. செனட் 58-க்கு 42 என்று அவரை நிராகரித்தது.

## 1964: வாதம் வாக்குப்பெட்டிக்கு வந்தது

இப்போது கோல்டுவாட்டர். அரிசோனாக்காரர். தன் மாநில விமானப்படைக் காவல் பிரிவில் இனப் பிரிவினையை நீக்க உழைத்தவர், கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். 1957, 1960 ஆண்டுகளின் சிவில் உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். 1960-ல் அவர் பெயரில் வந்த புத்தகத்தை எழுதிக் கொடுத்தவர் நாம் மேலே பார்த்த அதே போஸெல். பிள்ளைகள் ஒன்றாகப் படிப்பது நல்லதுதான், ஆனால் அதை மிசிசிப்பி, தென் கரோலினா மக்கள் மேல் திணிக்க நான் தயாராக இல்லை என்பது அதன் நிலைப்பாடு.

1964 சட்டத்தில் அவர் எதிர்த்தது இரண்டு பகுதிகளை: உணவகம், விடுதி போன்ற பொது இடங்கள் பற்றியது ஒன்று, வேலைவாய்ப்பு பற்றியது மற்றொன்று. அதற்குச் சட்ட ஆலோசனை தந்தவர்களில் போர்க்கும் உண்டு. அந்த நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் கோல்டுவாட்டர் படுதோல்வி அடைந்தார். வென்ற மாநிலங்கள் ஆறு. ஒன்று சொந்த ஊர் அரிசோனா. மற்ற ஐந்தும் தெற்கின் நடுப்பகுதி. மிசிசிப்பியில் 87 சதவீதம்! அவர் சாசனத்தைப் பேசியிருக்கலாம். கேட்டவர்களுக்கு வேறு ஏதோ கேட்டிருக்கிறது. தெற்கு வெள்ளையர் கட்சி மாறத் தொடங்கிய கதையில் இது ஒரு பெரிய திருப்பம்.

மறு ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் பக்லியும் மோதினார்கள். அமெரிக்கக் கனவு கறுப்பரின் செலவில் கட்டப்பட்டது என்பது தலைப்பு. 544-க்கு 164 என்று பால்ட்வின் வென்றார். மிசிசிப்பியில் கறுப்பரை வாக்களிக்க விடுங்கள் என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தபோது பக்லி சொன்ன பதில்: அங்கே கறுப்பர் வாக்கு குறைவு என்பதல்ல சிக்கல், வெள்ளையர் வாக்கு மிகுதி என்பதே. கூட்டம் சிரித்திருக்கும். ஆனால் கவனியுங்கள், எட்டு ஆண்டுகளில் 'முன்னேறிய இனம்' என்ற பேச்சு போய், தகுதியில்லாதவர் எந்த நிறமானாலும் வாக்களிக்க வேண்டாம் என்ற பேச்சு வந்துவிட்டது. அந்த ஆகஸ்டில், மேலே சொன்ன பதிவுத் தடைகளை உடைத்த வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967-க்குள் மிசிசிப்பியில் பெயர் பதிந்த கறுப்பர் 100-க்கு ஏறத்தாழ 60 பேர். மெல்ல மாறும் என்று சொல்லப்பட்டது இரண்டே ஆண்டுகளில் மாறிவிட்டது.

## வீட்டுக்குள்ளேயே ஒரு சண்டை

பழமையைக் காப்போம் என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்தப் பழமையை? ரஸ்ஸல் கிர்க் 1953-ல் பழமைவாதத்தின் மரபுவரிசையை எழுதியபோது, அடிமைமுறையை நன்மை என்றே வாதிட்ட 19-ஆம் நூற்றாண்டுத் தெற்கு அரசியல்வாதி கல்ஹூனுக்கு அதில் இடம் தந்தார். ஹாரி ஜாஃபா என்ற மற்றொரு பழமைவாதி இதைக் கடுமையாக மறுத்தார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற 1776 சுதந்திரப் பிரகடனமே அமெரிக்காவின் மூலப் பழமை, அதைக் காத்தவர் லிங்கன், காப்பதானால் அதைக் காப்போம் என்றார். லிங்கனைத் தாக்கி எழுதிவந்த பழமைவாதப் பேராசிரியர் மெல்வின் பிராட்ஃபோர்டுக்கு 1981-ல் ஒரு முக்கிய அரசுப் பதவி கிடைக்கவிருந்தது. அந்த எழுத்துகளே அதைக் கெடுத்தன. அதற்குள் ஜாஃபாவின் பக்கம் காற்று திரும்பியிருந்தது.

கறுப்பினப் பழமைவாதிகளையும் மறந்துவிடக் கூடாது. எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1955-லேயே பிரவுன் தீர்ப்பைக் குறை கூறிக் கடிதம் எழுதினார். வெள்ளைப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கல்வியா, இது எங்களுக்கு அவமானமல்லவா என்பது அவர் தன்மானக் கேள்வி. அதை ஜிம் குரோ ஆதரவு என்று படிப்பது தவறு.

## நிறம் பாராத சட்டம்

நம் சாசனத்துக்கு நிறக்கண் இல்லை என்ற வாசகம், 1896 தீர்ப்பில் தனித்து நின்று மறுப்பு எழுதிய நீதிபதி ஹார்லனுடையது. அறுபதுகள் வரை கறுப்பர் தரப்பு வழக்கறிஞர்களின் வேதவாக்கு அது. எழுபதுகளில் அது கை மாறியது. கல்லூரி அனுமதியிலும் வேலையிலும், நெடுநாள் ஒதுக்கப்பட்டவருக்கு இனத்தைக் கருதிக் கொஞ்சம் முன்னுரிமை தரும் ஏற்பாடு அப்போது பரவியது. நம்மூர் இடஒதுக்கீடு போல இத்தனை இடம் என்று எண்ணி வைப்பது அங்கே பல்கலைக்கழகங்களில் 1978-லேயே செல்லாமல் போய்விட்டது. இனத்தையும் ஒரு காரணியாகப் பார்க்கலாம் என்பது மட்டும் மிஞ்சியது. பழமைவாதிகள் ஹார்லனை எடுத்துக்கொண்டு, நிறம் பார்க்காதே என்றால் யாருக்காகவும் பார்க்காதே என்றார்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்த மிச்சத்தையும் முடித்துவைத்தது.

இந்த வாதத்தின் கனமான குரல் தாமஸ் சோவெல். 1930-ல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பொருளியலாளர், ஃபிரீட்மனின் மாணவர். சலுகை அந்தக் குழுவில் ஏற்கெனவே வசதியானவருக்கே போய்ச் சேர்கிறது என்று, இந்தியாவையும் மலேசியாவையும் இலங்கையையும் ஒப்பிட்டு எழுதினார். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலை அறிந்த தமிழருக்கு இதில் ஒரு தயக்கம் வரும். அது பெரும்பான்மை தனக்கே தந்துகொண்ட சலுகை. அமெரிக்காவில் நடந்தது ஒடுக்கப்பட்ட சிறுபான்மைக்கு. ஒரே தராசில் வைத்தால் முள் சரியாகக் காட்டுமா?

ஆக, நிறம் பாராமை என்பது பழைய பழமைவாதிகள் எதிர்த்த கொள்கை, இன்றையவர்களின் கொடி. இதை வெறும் வேடம் என்று சிலர் சொல்வார்கள். உண்மையாகவே மாறியவர்களும் இருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

## 2004

ஜிம் குரோவிலிருந்து படிப்படியாக மேலேறி வந்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினேன், அது தவறு, மத்திய அரசின் தலையீடு தேவைப்பட்டது என்று 2004-ல் பக்லி ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முந்தைய தலையங்கத்துக்கு வந்த பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே 2004-ல் வர்ஜீனியா மாநிலம் ஒரு கல்வி உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிகள் மூடப்பட்டதால் படிப்பை இழந்தவர்களுக்காக. 1959-ல் பிரின்ஸ் எட்வர்டில் முதல் வகுப்புக்குப் போக வேண்டியிருந்த பிள்ளைக்கு அப்போது வயது ஐம்பது கடந்திருந்தது.